குரூப் 4-க்கு முதல்முறை படிக்கிறீர்களா? இன்றைக்கு மூன்று வரி எழுதுங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதலாம் என்று முடிவெடுத்த அன்று பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை டைம்டேபிள் போடுவது. காலை நாலு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை தமிழ், வரலாறு, அரசியலமைப்பு, கணக்கு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, கலர் பேனாவில் எழுதி, மேலே "வி.ஏ.ஓ." என்று பெரிதாகப் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் வாரம் ஓடும். அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மூன்றாம் வாரம் அந்தத் தாளைப் பார்க்கவே சங்கடமாகி, புத்தகத்தையும் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

படிக்க ஆர்வமுள்ள பிள்ளைகள் இப்படி நின்றுபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் உழைப்பு குறைவாக இல்லை. இலக்குதான் ஒரு நாளில் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதை ஒரு நாள் அளவுக்கு வெட்டிக்கொள்வது எப்படி என்று, முதல்முறை படிக்கத் தொடங்குபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரியுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கையில் இல்லாதவற்றை எழுதுங்கள்: எத்தனை காலிப்பணியிடம் வரும், எத்தனை பேர் எழுதுவார்கள், கேள்வித்தாள் கடினமா எளிதா, உங்கள் பிரிவுக்குக் கட் ஆஃப் (வேலை கிடைக்கும் கடைசி மதிப்பெண்) எங்கே நிற்கும், கலந்தாய்வில் எந்தத் துறை மிஞ்சியிருக்கும். 2025-இல் அறிவிப்பு வந்தபோது அதில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். தினமும் காலையில் இந்த எண்களை நினைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் கை ஓடாது.

வலப்பக்கம் உங்களால் முடிந்தவை. தேர்வு பத்தாம் வகுப்புத் தரம். 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் (கணக்கில்) 25. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி மதிப்பிடப்படாது. மொத்தத்தில் குறைந்தது 90 வேண்டும் என்பது விதி, ஆனால் வேலை கிடைப்பதற்கான மதிப்பெண் அதைவிட வெகு உயரத்தில் இருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. பாடத்திட்டமும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அடிப்படையான புத்தகங்கள் ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர் புத்தகங்கள், அவற்றையும் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இடப்பக்கத்தை மடித்து உள்ளே வையுங்கள். அது தேவைப்படும்போது எடுக்கலாம். தினமும் மேசையில் இருக்க வேண்டியது வலப்பக்கம் மட்டும்தான்.

பெரிய இலக்கை ஒரு நாள் அளவுக்கு வெட்டிக்கொள்வதற்கு ஒரு பழைய ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. 1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷுங்க் என்ற இரு உளவியலாளர்கள் கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறு பிள்ளைகளுக்கு 42 பக்கப் பயிற்சியை ஏழு அமர்வுகளில் முடிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் "ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். புத்தகம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள் கணக்கில் நன்றாகத் தேறினார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் கூடியது. முக்கியமாக, யாரும் சொல்லாமலே அந்தக் கணக்குகளைப் போட ஆர்வம் காட்டியதும் அவர்கள்தான். குரூப் 4 படிக்கும் ஒருவருக்கு இந்தக் கடைசிச் செய்தி மிகவும் வேண்டியது, ஏனென்றால் இந்தப் படிப்பில் உங்களை யாரும் வந்து உட்கார வைக்கப் போவதில்லை.

இரண்டாவது: உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஒரு வாரம் எந்த இலக்கும் வைக்காதீர்கள். வழக்கம்போல இருங்கள், ஆனால் இரவு படுக்கும் முன் அன்று யாரும் கூப்பிடாமல் உட்கார முடிந்த நேரம் எது என்று மட்டும் குறித்துவையுங்கள். ஜவுளிக்கடையில் காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நிற்கும் ஒரு தம்பிக்கு அது காலையில் ஒரு மணி நேரமும் பஸ்ஸில் அரை மணி நேரமுமாக இருக்கும். கைக்குழந்தை உள்ள ஒரு அக்காவுக்குக் குழந்தை தூங்கும் மதியம் நாற்பது நிமிடம். படிப்பு முடித்து வீட்டில் இருப்பவருக்கு அதிக நேரம் இருப்பதுபோலத் தெரியும், எழுதிப் பார்த்தால் நான்கு மணி நேரம் தேறினாலே பெரிது.

வாரத்தின் மிக மோசமான நாளில் எவ்வளவு கிடைத்ததோ, அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது: பாடத்தை ஒரு நாள் அளவுக்கு வெட்டுவது

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

"இன்று அரசியலமைப்பு படிக்க வேண்டும்" என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அதில் இல்லை. "இன்று எட்டு மணி நேரம் படிக்க வேண்டும்" என்பதும் அப்படித்தான். எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் நிற்காமல் போகலாம். நல்ல தினசரி இலக்கு ஒரே வரியில் இருக்கும், அதில் ஒரு பொருளும் ஒரு எண்ணும் இருக்கும், முடிந்ததா இல்லையா என்று புத்தகத்தை மூடிவைத்துச் சோதிக்க முடியும்.

உதாரணமாக, அரசியலமைப்பில் "அடிப்படைக் கடமைகள்" ஒரு நாளுக்குச் சரியான துண்டு. சட்டப்பிரிவு 51ஏ. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாகப் பத்துக் கடமைகள் சேர்க்கப்பட்டன. 2002-இல் 86-ஆவது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது, ஆறு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிக்க வேண்டிய பெற்றோரின் கடமை. இன்றைய வரி இப்படி இருக்கட்டும்: "பதினொரு கடமைகளையும் பார்க்காமல் எழுத வேண்டும், இரண்டு திருத்தங்களின் எண்ணும் ஆண்டும் சொல்ல வேண்டும்." இதற்கு நாற்பது நிமிடம் போதும். அடிப்படை உரிமைகளை இப்படி ஒரே நாளில் முடிக்க முடியாது. சமத்துவ உரிமை ஒரு நாள், சுதந்திர உரிமை ஒரு நாள், நீதிப்பேராணைகள் ஐந்தும் ஒரு நாள் என்று பிரியுங்கள்.

தமிழில் இலக்கணத்தை இதேபோல வெட்டலாம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இலக்கணப் பகுதிக்குக் "கற்கண்டு" என்று பெயர். முதல் கற்கண்டு "தமிழ் எழுத்துகளின் வகை தொகை". அதை மட்டும் ஒரு நாள் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மேல் வகுப்பில் புணர்ச்சிக்கு வரும்போது, விகாரப் புணர்ச்சியின் மூன்று வகை ஒரு நாள்: வாழை + பழம் = வாழைப்பழம் என்று தோன்றல், மண் + குடம் = மட்குடம் என்று திரிதல், மரம் + வேர் = மரவேர் என்று கெடுதல். அன்றைய வரி "ஒவ்வொரு வகைக்கும் புத்தகத்தில் இல்லாத மூன்று எடுத்துக்காட்டு நானே எழுத வேண்டும்." நீங்களாகவே எழுதும்போது வகை மனதில் நிற்கும். மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டைத் தேர்வில் மாற்றிக் கேட்டால் திணறவும் மாட்டீர்கள்.

கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். பள்ளியில் கணக்கு வரவில்லை என்பதால் 25 கேள்விகளையும் கைவிட்டுவிடுகிறார்கள். 25 கேள்வி என்றால் முப்பத்தேழரை மதிப்பெண், அதை விட்டுக்கொடுத்துவிட்டுக் கட் ஆஃபைத் தொடுவது மிகக் கடினம். பாடத்திட்டத்தில் இருப்பவை சுருக்குதல், சதவீதம், மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும், அப்புறம் புதிர், பகடை, எண் வரிசை போன்ற காரணவியல். ஒரு நாளைக்கு ஒரே வகைக் கணக்கு, ஐந்து மட்டும் போடுங்கள். திங்கட்கிழமை தனிவட்டி என்றால் தனிவட்டி மட்டும். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் மூன்று ஆண்டுக்கு எவ்வளவு வட்டி? 1,200. இதே வடிவத்தில் அசலை, வீதத்தை, காலத்தை மாற்றி மாற்றி ஐந்து. செவ்வாய்க்கிழமை இரண்டு ஆண்டில் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம்: அசலை, வீதத்தை நூறால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 8,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் 20 ரூபாய். ஐந்து கணக்கு சிறியதாகத் தெரியலாம். மூன்று மாதத்தில் நானூற்று ஐம்பது கணக்கு ஆகிவிடும், பாடத்திட்டத்தில் உள்ள வகைகள் எல்லாவற்றையும் அதற்குள் பலமுறை தொட்டிருப்பீர்கள்.

சரி, துண்டு சரியான அளவில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த இரவிலும் இதை முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் இன்னும் பாதியாக வெட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

நான்காவது: மூன்று வரி, ஓர் இடம், ஒரு நேரம்

ஒரு நாளைக்குத் தமிழில் ஒரு வரி, கணக்கில் ஒரு வரி, பொது அறிவில் ஒரு வரி. இதற்கு மேல் எழுதாதீர்கள். நேரம் அதிகம் உள்ளவர்கள் வரியைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வரிகளைக் கூட்ட வேண்டாம். ஏழெட்டு வரி எழுதினால் எளிதானவற்றை முடித்துவிட்டுக் கணக்கை நாளைக்குத் தள்ளுவோம், எல்லோருக்கும் இது நடக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் எப்போது, எங்கே என்று சேர்த்து எழுதுங்கள். "காலையில் டீ குடித்ததும், மாடிப்படியில் உட்கார்ந்து, ஐந்து கணக்கு." "மதியம் பிள்ளை தூங்கியதும், அடுப்படியில், விகாரப் புணர்ச்சி." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்ற முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைவிட இப்படி நேரத்தோடு கட்டிவைப்பவர்கள் செய்து முடிப்பது அதிகம். மணிக்கணக்கைவிடத் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுவது நல்லது. ஐந்தரை மணி என்று எழுதிவிட்டு ஆறு மணிக்கு எழுந்தால் அன்றைய நாளே போய்விட்டதாகத் தோன்றும். டீ எப்போது குடித்தாலும் டீதான்.

நாளைக்கான மூன்று வரியை இன்று இரவே எழுதிவிடுங்கள், புத்தகத்தையும் அந்தப் பக்கத்தில் திறந்து கவிழ்த்து வையுங்கள். காலையில் என்ன படிப்பது என்று யோசிக்கத் தொடங்கினால் கை போனுக்குப் போகும்.

வீட்டில் இடமில்லை என்றால் அருகிலுள்ள கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாவற்றிலும் உட்கார்ந்து படிக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இயங்குகிறது, அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை போய் விசாரியுங்கள்.

ஐந்தாவது: பழையதைத் தொடுவதும் இலக்கில் சேரும்

தினமும் புதியதே படித்துக்கொண்டு போனால் இரண்டு மாதம் கழித்து முதல் வாரம் படித்தது ஒன்றும் நினைவில் இருக்காது. இதற்குப் பெரிய ரிவிஷன் திட்டம் எதுவும் வேண்டாம். உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம், நேற்றைய மூன்று வரியையும் போன வாரம் இதே கிழமையில் எழுதிய மூன்று வரியையும் எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வராததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

ஆறாவது: ஒரு நாள் தவறிவிட்டால்

தவறும். ஊர்த் திருவிழா வரும், மாதக்கடைசி வேலை வரும், உடம்பு முடியாமல் போகும். அன்றைக்கு விட்டுப்போன மூன்று வரியை மறுநாள் மூன்று வரியோடு சேர்த்து ஆறாக்காதீர்கள். இதை ரொம்பவும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படிப்பை நிறுத்தியவர்களில் பலர் நின்றது இந்த இடத்தில்தான். ஆறு வரி அடுத்த நாளும் முடியாது, மூன்றாம் நாள் ஒன்பதாகும். வட்டிக்கடன் மாதிரி அது ஏறிக்கொண்டே போய், கடைசியில் நோட்டைத் திறக்கவே பிடிக்காமல் போய்விடும்.

விட்டுப்போனதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அந்த நாளுக்கான மூன்று வரியோடு மட்டும் உட்காருங்கள். கடைசிப் பக்கத்தில் சேர்ந்தவற்றை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லல்லியும் அவருடைய குழுவும் 96 பேரை வைத்து, தினமும் செய்யும் ஒரு சிறு செயல் பழக்கமாக மாற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஆகவே 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி, இருபத்திரண்டாம் நாள் சிரமமாக இருக்கிறதே என்று மனம் உடைய வேண்டாம். இரண்டு மாதம் வரை ஒவ்வொரு நாளும் உட்காரக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

மிகவும் முடியாத நாளுக்கு ஒரு குட்டி இலக்கு வைத்திருங்கள்: ஒரு குறளும் அதன் பொருளும், அல்லது ஒரே ஒரு கணக்கு. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்திலும் அதைச் செய்துவிடலாம்.

ஏழாவது: ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்ப்பது

சின்னச் சின்ன இலக்குகளில் ஒரு ஆபத்து உண்டு. தினமும் முடித்த திருப்தியிலேயே, பாடத்திட்டத்தில் பிடித்த மூலையை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாம். அதனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பெரிய படத்தைப் பார்க்க வேண்டும்.

பாடத்திட்டத்தின் பிரதியை எடுத்து, இந்த வாரம் தொட்ட தலைப்புகளில் பென்சிலால் டிக் அடியுங்கள். எந்த அலகு வெறுமையாகவே இருக்கிறதோ அதிலிருந்து அடுத்த வாரத்துக்கான துண்டுகளை வெட்டுங்கள். அப்புறம் முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றிலிருந்து ஐம்பது கேள்வி, நேரம் வைத்து. 200 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 54 நொடி, ஆக ஐம்பதுக்கு 45 நிமிடம். தவறானவற்றை ஒரு தனி நோட்டில், ஏன் தவறியது என்ற காரணத்தோடு எழுதுங்கள்: படிக்கவில்லை, படித்தும் மறந்தது, கேள்வியைச் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாவது காரணம் நிறைய வந்தால் புதிதாக எதையும் படிக்காமல், கேள்வியைப் பொறுமையாக வாசிக்கும் பயிற்சிதான் உங்களுக்கு வேண்டும். புள்ளி வைத்த வரிகளும் கடைசிப் பக்கத்து வரிகளும் அடுத்த வாரத் துண்டுகளாக மாறட்டும்.

வாரத்தில் ஏழு நாளில் ஐந்து நாளாவது மூன்று வரியும் முடிந்திருந்தால் அளவு சரி. அதற்குக் குறைந்தால் துண்டைச் சிறிதாக்குங்கள். எல்லா நாளும் சுலபமாக முடிந்து நேரம் மிஞ்சினால் கொஞ்சம் பெரிதாக்குங்கள், கணக்கு ஐந்து ஏழாகட்டும். ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்க வேண்டாம்.

நோட்டிபிகேஷன் வந்த பிறகு

அறிவிப்பு வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2025-இல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு. பதினொரு வாரம்தான். தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது, அதைப் பார்த்து இப்போதே தொடங்குவது நல்லது.

அறிவிப்பு வந்ததும் மூன்று வரியில் ஒன்று மாதிரித் தேர்வுக்குப் போகட்டும். தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் புதிய பாடத்தை நிறுத்திவிட்டு, மூன்று வரியும் பழையதாகவே இருக்கட்டும்: ஒரு வரி தவறு நோட்டிலிருந்து, ஒரு வரி புள்ளி வைத்தவற்றிலிருந்து, ஒரு வரி ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டம் நிரப்பும் பயிற்சி. கடைசியில் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 200 வட்டத்தைக் கருப்பு பந்துமுனைப் பேனாவால் நிரப்பவே கணிசமான நேரம் ஆகும், ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

தேர்வு அறையிலும் இதே முறைதான். மூன்று மணி நேரத்தை மொத்தமாகப் பார்க்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ் நூறுக்கு 60 நிமிடம், பொது அறிவு 75-க்கு 50 நிமிடம், கணக்கு 25-க்கு 45 நிமிடம். மிச்சம் 25 நிமிடம். ஏதாவது ஒரு கணக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் எண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மிச்சமுள்ள நேரத்தில் அந்த விட்ட கணக்குகளுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாவதாக, விடை தெரியவில்லை என்பதற்கு ஒரு வட்டம் இருக்கும். தவறுக்கு மதிப்பெண் குறையாது என்பதால், இரண்டு விடைகளையாவது ஒதுக்க முடிந்த கேள்வியில் மீதியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. எந்தக் கேள்வியையும் ஐந்து வட்டத்தில் ஒன்றுகூட நிரப்பாமல் வெறுமையாக விட்டுவிடாதீர்கள். தாளைக் கொடுக்கும் முன் 1 முதல் 200 வரை விரலை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.